காற்று குறைந்தால் கேஸ் நிரப்பாதீர்கள்: மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு

போன சித்திரையில் ஒரு மின்சார கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. "ஏசி சுத்தமா இல்லீங்க, வேற இடத்துல ரெண்டு தடவை கேஸ் புடிச்சாச்சு, அப்படியேதான் இருக்கு" என்றார் வண்டிக்காரர். நான் ஒன்றுதான் கேட்டேன்: "காத்து கம்மியா வருதுங்களா, இல்ல காத்து நல்லா வந்து குளிர் பத்தலைங்களா?" அவர் ஃபேனைக் கடைசி வேகத்தில் வைத்து, வென்ட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்தே வரலீங்க" என்றார். இந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இரண்டும் வேறு வேறு கோளாறு. காற்றைத் தள்ளுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ப்ளோயர். குளிர வைப்பது கம்ப்ரஸரும் கேஸும். ப்ளோயர் இழுக்கும் வழி அடைத்திருந்தால் எத்தனை முறை கேஸ் நிரப்பினாலும் காற்று கூடாது.

க்ளவ் பாக்ஸைக் கழற்றி, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவினேன். மடிப்பு தெரியாத அளவுக்கு வேப்பம்பூ, சருகு, அதற்கு மேல் எலி எங்கிருந்தோ கடித்துக் கொண்டுவந்த பஞ்சு. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. வண்டி தினமும் வேப்பமரத்தடியில் நிற்கிறது, பூவும் இலையும் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் விழுந்து, அங்கிருந்துதான் உள்ளே போகின்றன. அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்து புது ஃபில்டர் போட்டதும், பின் சீட்டில் இருந்த அவர் மகள் "அப்பா, இங்க வரைக்கும் வருது" என்றாள்.

மின்சார கார் என்றதும் எல்லாமே ஹை வோல்டேஜ் என்று பயந்து தொடாமல் விடுகிறார்கள். ப்ளோயர் பழைய கார்களில் போலவே பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அதனால் காற்று சம்பந்தப்பட்ட சோதனையை வீட்டு வாசலிலேயே பயமில்லாமல் செய்யலாம். முதலில் ஈகோ மோடை அணைத்துவிட்டுப் பாருங்கள், சில வண்டிகளில் அது ஏசியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஃபேனை ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். சத்தம் கூடிக் காற்று கூடவில்லை என்றால் எங்கோ அடைப்பு. சத்தமே கூடவில்லை என்றால் ப்ளோயர் மோட்டார் அல்லது அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். அப்புறம் உள்காற்று, வெளிக்காற்று பட்டனை மாற்றிப் பாருங்கள். உள்காற்றில் நன்றாக வந்து வெளிக்காற்றில் மட்டும் குறைந்தால் நான் சொன்ன அந்தப் பள்ளத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முகத்துக்கு வர வேண்டிய காற்று காலுக்கோ கண்ணாடிக்கோ போய், டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தமும் கேட்டால், காற்றைத் திருப்பிவிடும் கதவின் சின்ன மோட்டார் போயிருக்கலாம்.

ஃபில்டரை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள், மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் அதற்கு முன்பே. தண்ணீரில் கழுவிப் போடுவது, ஏர் அடித்துப் போடுவது இரண்டும் வேண்டாம், பேப்பர் பாழாகிவிடும். புதியதில் ஓர் அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசையைப் பார்த்து மாட்ட வேண்டும்.

ஏசி போட்டதும் நன்றாக இருந்து, முக்கால் மணி நேரம் போனதும் காற்று மெல்ல மெல்லக் குறைகிறதா? இது வேறு கதை. கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள், காருக்கு அடியில் தண்ணீர் அதிகமாகச் சொட்டி, காற்றும் திரும்பி வந்தால் அதேதான். அடைத்த ஃபில்டராலும் இது வரும், காயிலின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் பழுதானாலும் வரும், கேஸ் குறைந்தாலும் வரும். காற்றுக் குறைவுக்கும் கேஸுக்கும் தொடர்பு இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். அப்போதும் முதலில் ஃபில்டர், பிறகு சென்சார், அதற்குப் பிறகுதான் கேஸ்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்சார காரின் கம்ப்ரஸருக்கு பெல்ட் கிடையாது, அதற்குள்ளேயே மோட்டார் இருக்கிறது, பல வண்டிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. கேஸோடு சுற்றும் ஆயில் அந்த மோட்டாரின் காயில் மீதே படுகிறது. அதனால் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாத பிஓஈ ஆயில்தான் ஊற்றியிருப்பார்கள். பெட்ரோல் கார்களுக்குப் போடும் பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் கெடும், கம்ப்ரஸர் போகும், மின்கசிவு இருக்கிறது என்று வண்டியே ஓட மறுக்கலாம். காலையில் பெட்ரோல் காருக்கு மாட்டிய கேஸ் மெஷினைச் சுத்தம் செய்யாமல் மதியம் இதற்கு மாட்டினால், குழாயில் தங்கியிருக்கும் ஆயிலே போதும். போதாக்குறைக்கு, பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர வைப்பதும் இதே கேஸ்தான்.

அந்த வேப்பமரத்து வண்டியில் கேஸை வெளியே எடுத்து எடை போட்டேன். பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருந்ததைவிட 140 கிராம் அதிகம். அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, ஹை வோல்டேஜ் போகும் ஆரஞ்சு வயர் பக்கம் போவதற்குப் பயிற்சி எடுத்த ஆளை வைத்து இன்சுலேஷனும் பார்த்தோம். நல்லவேளை, கெடவில்லை. உங்கள் வண்டிக்கு உண்மையிலேயே கேஸ் தேவைப்பட்டால், மெஷினை மாட்டும் முன் "எந்த ஆயில் போடறீங்க, எத்தனை கிராம் புடிக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். ஸ்டிக்கரைப் பார்க்காமல் பதில் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.