ஜூன் மாதமே காலண்டரை விரியுங்கள்

பள்ளி திறந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை எங்கள் சாரணர் படையில் கயிறும் கிடையாது, டிரில்லும் கிடையாது. நான்கு அணித்தலைவர்களும் வராண்டாவில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். நடுவில் நகைக்கடையில் கொடுத்த மாத காலண்டர், பன்னிரண்டு தாளும் தனித்தனியாகப் பரப்பியிருக்கும். காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கொரு கல். சிவப்பு ஸ்கெட்ச் ஒன்று, பச்சை ஒன்று.

முதலில் சிவப்பு. எந்தெந்த வாரம் நமக்கு இல்லை? காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள், அவற்றுக்கு முந்தைய வாரம், தீபாவளி, ஆயுத பூஜை. மயில் அணித்தலைவன் அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பையன். "பொங்கல் வாரத்துல கேம்ப் வச்சா எங்க அணியில பாதிப்பேரு வரமாட்டாங்க சார்" என்றான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று நாளுக்கும் அவனே சிவப்படித்தான். எல்லாம் அடித்து முடித்தபின் போன வருடம் மிஞ்சியது 22 வெள்ளிக்கிழமை. பையன்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். வருடம் முழுக்க நேரம் கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும் தொடக்க காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

19 வருடமாக சாரண ஆசிரியராக இருக்கிறேன். சில வருடங்களாக மதுரையைச் சுற்றியுள்ள ஆறேழு பள்ளிகள் போடும் ஆண்டுத் திட்டத்தையும் பார்த்துக் கொடுக்கிறேன். அதில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். செயல்பாடுகளுக்கு ஒரு தாள், பதிவேடு, கட்டணம், அனுமதி இதற்கெல்லாம் இன்னொரு தாள். முதல் தாளைச் சுவரில் ஒட்டுவார்கள், இரண்டாவது பீரோவுக்குள் போய்விடும். இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பையனை மறக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி முகாமுக்கு வேறொரு பள்ளியிலிருந்து வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. போலைன் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால், தன் இடுப்பைச் சுற்றிப் போடுவான். முதலுதவியில் முக்கோணக் கட்டுத்துணியை மடிக்கிற நேர்த்தியைப் பார்த்து மற்ற பையன்கள் அவனிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். அடுத்த படிக்கு அவனை அனுப்பலாம் என்று பதிவேட்டைக் கேட்டேன். முதல் படியான பிரவேஷ் முடித்த தேதி இருந்தது, அடுத்த படியான பிரதம சோபான் இருந்தது. துவிதிய சோபான் பக்கத்தில் தேர்வாளர் கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. அந்தப் பள்ளியின் பழைய சாரண ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார். புதியவருக்கு எதுவும் தெரியாது.

நம் இயக்கத்தில் பிரவேஷ், பிரதம, துவிதிய, திரிதிய சோபான், அப்புறம் ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் ராஷ்டிரபதி விருது என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக இடையில் குறிப்பிட்ட மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். தேதி இல்லையென்றால் அந்த மாதங்களை எங்கிருந்து எண்ணுவது? மறுபடி தேர்வு வைத்து, மறுபடி மாதங்களை எண்ணத் தொடங்கும்போது அவன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். பதினொன்றுக்குப் போன பள்ளியில் சாரணர் படையே இல்லை. அவன் அப்பா கொத்தனார், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். "பையனுக்கு எல்லாம் தெரியுதுல்ல சார், அப்புறம் என்ன சார்?" என்று கேட்டார். ஒரு தேதி எழுதவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு ராஷ்டிரபதி விருதோ, சாரணத் தலைவர்களுக்கான உயர் பயிற்சிச் சான்றான ஹிமாலயா உட் பேட்ஜோ மட்டும் போதாது, ஐந்து வருடம் தொடர்ந்து இயக்கத்தில் செயல்பட்டதற்குச் சான்றும் கேட்பார்கள். அந்தச் சான்று யார் எழுதிக் கொடுத்தாலும் நம் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு வருடம் படையின் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அந்த வருடம் அவன் கணக்கிலும் விழுகிறது ஓட்டை.

எங்கள் தாளில் இப்போது ஒவ்வொரு பச்சை வெள்ளிக்கும் எதிரே நான்கு விஷயம் இருக்கும். என்ன செய்கிறோம், எந்த அணி முன்னின்று நடத்துகிறது, அதற்கு எந்தக் காகிதம், அந்தக் காகிதம் எந்தத் தேதிக்குள். ஜனவரி கடைசியில் முகாம் என்றால் நவம்பர் கட்டத்தில் "முகாம் அனுமதிக் கடிதம்" என்று இருக்கும். தேர்வு வைத்த அன்றே, பையன் மைதானத்தை விட்டுப் போகும் முன், தேதியும் கையெழுத்தும் இரண்டு இடத்தில் விழும். ஒன்று படையின் பதிவேடு, இன்னொன்று அவன் கையிலிருக்கும் லாக் புக். இப்போது செல்போன் இருக்கிறது, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் பெற்றோருக்கும் அனுப்பிவிடுகிறோம்.

பையன்களை வைத்துத் திட்டம் போடுவது நேரத்தை வீணடிப்பது என்று சில தலைமையாசிரியர்கள் நினைக்கிறார்கள். ஆனால் இயக்கம் பிறந்ததே அப்படித்தான். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்கு, இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சுமார் 20 பையன்களைக் கூட்டிப் போனபோது நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பையனிடம்தான் ஒப்படைத்தார். இன்றும் ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி, நான்கு அணி சேர்ந்தால் ஒரு படை. கோர்ட் ஆஃப் ஆனர் என்ற அணித்தலைவர்கள் மன்றம் காகிதத்தில் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. உண்மையில் கூடுகிறதா என்று பார்க்க எளிய வழி, அதன் குறிப்பேட்டில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். எல்லாப் பக்கமும் ஆசிரியர் கையெழுத்தாகவே இருந்தால் அது கூடியதே இல்லை.

அடுத்து மனதில் உறுத்துகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாதத்தை எல்லாப் படைகளும் இழந்துவிடுகின்றன. சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகை என்று ஜூலைக் கடைசியிலிருந்தே வெள்ளிக்கிழமைகள் போய்விடும். அணிவகுப்பு நல்லதுதான், நானும் செய்ய வைக்கிறேன். அதற்குமேல் யார் வீட்டு விழாவானாலும், எந்தப் பிரமுகர் வந்தாலும், "நாலு ஸ்கவுட் பசங்கள அனுப்புங்க சார், வரிசையில நிக்க வைக்கணும்" என்று கேட்கிறார்கள். சீருடை போட்ட பிள்ளைகள் வெயிலில் இரண்டு மணி நேரம் ரோஜாப்பூத் தட்டோடு நிற்பது சேவை ஆகாது. எங்கள் தாளில் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். பருவத்துக்கு இரண்டு வெளி விழா, அதுவும் பிள்ளைகள் செய்வதற்கு உண்மையான வேலை இருந்தால். தாளைக் காட்டி மறுப்பது சுலபம், இது மாணவர்கள் போட்ட திட்டம் என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சித்திரைத் திருவிழா சேவை வேறு விஷயம். மதுரையில் சாரணனாக இருந்துவிட்டு அழகர் வரும் நாளில் வீட்டிலிருக்க எந்தப் பையனுக்கும் மனம் வராது. ஆனால் 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்ததை மறந்துவிட்டுத் திட்டம் போடக் கூடாது. ஆற்றுக்குள்ளும் கரையோரமும் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தவே கூடாது என்பது என் முடிவு. கூட்டம் கலைகிற தெருக்களில் தண்ணீர்ப் பந்தல், வழி தவறிய குழந்தைகளைப் போலீஸ் உதவி மையத்தில் ஒப்படைப்பது, இது போதும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு குழு மாற வேண்டும். எந்தப் பிள்ளையும் தனியாக நிற்கக் கூடாது. பெற்றோர் கையெழுத்தை மார்ச் மாதமே வாங்கிவிட வேண்டும், ஏப்ரல் விடுமுறையில் யார் எந்த ஊரில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஹைக் என்கிற நடைப்பயண விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு இதில் கொடுத்துவைத்த ஊர். யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி, அழகர் மலை அடிவாரம் என்று பஸ் ஏறிப் போய்ப் பொழுது சாயும் முன் திரும்பிவிடலாம். அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவித்தார்கள். பறவைகளைப் பார்த்துக் குறிப்பெழுதப் பழக அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. புதிய பிள்ளைகளுக்கு நான் தேர்ந்தெடுப்பது சமணர் மலைதான். அடிவாரத்தில் ஆலமர நிழல், தாமரைக் குளம், அய்யனார் கோயில். ஒரு தடவை போய்விட்டு வந்தால் அணித்தலைவனுக்குத் தன் ஆட்களைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால் அது பாறை. காலை ஒன்பது மணிக்கே கைவைத்தால் சுடத் தொடங்கும். ஒரு வருடம் செப்டம்பர்தானே என்று கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினோம். ஏறும்போது எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். இறங்கும்போது ஒரு சின்னப் பையன், ஆறாம் வகுப்பு, திடீரென்று பேச்சை நிறுத்தினான். முகம் சிவந்திருந்தது, வியர்வை இல்லை. அவன் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன், எப்போதோ காலி. கூச்சத்தில் யாரிடமும் கேட்கவில்லை. அவன் அணித்தலைவன் ஸ்கார்ஃபைக் கழற்றித் தன் பாட்டில் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றினான், இன்னும் இரண்டு பேர் நிழலுக்குத் தூக்கி வந்தார்கள். ஆலமரத்தடியில் படுக்கவைத்து விசிறியபின் கண் திறந்து பேசினான். உடனே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அன்று பையன்கள் செய்தது சரி, திட்டம் போட்ட நான் செய்தது தவறு.

அதன்பின் மாற்றியவை இவை. ஏற்றம் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கிளம்பும் முன் அணித்தலைவன் ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்ப்பான். மேலே போனதும் மறுபடி பார்ப்பான், பாதிக்குமேல் குடித்துவிட்டவன் பெயரை வாய்விட்டுச் சொல்வான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அணிக்கு நான்கு. 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய இடத்தை முதல் நாளே ஓர் ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்து வருவார். மார்ச் முதல் ஜூன் வரை மலை கிடையாது. அந்த மாதங்களில் கீழடி அருங்காட்சியகம், காந்தி அருங்காட்சியகம் என்று கூரைக்குள் போகிறோம்.

வனத்துறைக்குச் சொந்தமான காட்டுக்குள் போவதாக இருந்தால் அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வருடமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அந்த விண்ணப்பமும் நம் தாளில் ஒரு கட்டமாக, தேதியோடு, இருக்க வேண்டும்.

மலையைவிட எனக்கு அதிகம் பயம் தருவது ஆட்கள் விஷயம். 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் போலியாக ஒன்றை நடத்தி, அதில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமை செய்தித்தாள்களில் வந்தது. முகாம் நடத்த வந்தவருக்கு அந்த அமைப்போடு தொடர்பே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. நம் இயக்கத்தின் பெயரையும் யாராவது அப்படிப் பயன்படுத்த எவ்வளவு நேரம் ஆகும்? சாரணர் முகாம் என்று யாராவது உங்கள் பள்ளிக்கு வந்தால் மாவட்டச் சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள். வாரண்ட் என்ற நியமனச் சான்று இருக்கிறதா, எந்தப் பயிற்சி முடித்தவர், எந்தப் படை என்று கேளுங்கள். உண்மையான சாரண ஆசிரியர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பெண் பிள்ளைகள் வருகிற முகாமில் பெண் ஆசிரியர் இரவும் பகலும் உடன் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு கூடாரத்தில் தனியாக இருக்கக் கூடாது. முகாம் தொடங்கும் அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் பள்ளி மானம் போய்விடும் என்று உள்ளுக்குள் பேசித் தீர்ப்பது குற்றம். 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் புகார் கொடுத்தே ஆக வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படையின் பெயரில் தனி பேங்க் கணக்கு, எடுக்க இரண்டு கையெழுத்து, முகாமுக்கு வாங்கிய தக்காளிக்கும் ரசீது. முகாம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமையே வரவு செலவைப் பெற்றோர் முன் வாசித்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆசிரியர் மாறுதல்தான் பல படைகளைச் சாய்க்கிறது. கலந்தாய்வு முடிந்து ஒருவர் போகிறார், பீரோ சாவி யாரிடம் என்று தெரியாது, பூட்டை உடைக்கும்போது பதிவேட்டில் கரையான். போகிறவர் கிளம்பும் முன் புதியவரையும் மூத்த அணித்தலைவனையும் வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்து எண்ணிக் கொடுக்க வேண்டும். புதிய ஆசிரியர் இன்னும் வரவில்லையென்றால் தலைமையாசிரியர் முன்னால். பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்தையும் புரட்டி, தேதி இல்லாத கட்டம் இருந்தால் அன்றே தேர்வாளரைக் கூப்பிட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

இந்த மே மாதம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அப்படி ஒப்படைத்தபோது உடன் இருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சாரணியர் அணித்தலைவி, ஒவ்வொன்றாக வாசிக்க, புதிய ஆசிரியை எழுதிக்கொண்டார். கயிறு 14. கோல் 20. முதலுதவிப் பெட்டி 1, மருந்து தேதி முடிந்தது. கூடாரம் 3. "ஒரு கூடாரத்துக்கு ஜிப்பு போயிருச்சு டீச்சர், அதையும் எழுதிக்கோங்க" என்றாள்.