ரஷ்யக் கரடிக்குள் வேதம் இல்லை

ஒப்பியல் மொழியியல் வகுப்பில் யாரேனும் ஒருவர் கைப்பேசிக்கு வந்த பகிர்வொன்றைக் காட்டுவது வழக்கம். ரஷ்ய மொழியில் 'வியேதத்' என்றால் அறிதல், ஆகவே அச்சொல் சமஸ்கிருத வேதத்திலிருந்து போனது என்று அதில் இருக்கும். முன்பாதி சரி, 'ஆகவே'க்குப் பிறகு வருவதுதான் சிக்கல்.

'வியேதத்', ரஷ்யம், போலிஷ், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளுக்கு மூலமான தொல் ஸ்லாவியத்தின் *வேதேதி என்னும் வினையின் வழித்தோன்றல். தொல் ஸ்லாவியத்தில் எழுதிய ஏடு எதுவும் கிடையாது. வழிமொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கிய வடிவம் என்பதே முன்னால் உள்ள உடுக்குறியின் பொருள். பகிர்வோர் முதலில் உதிர்ப்பது இந்தக் குறியைத்தான். வினையின் வேர், 'காண்' என்று பொருள்படும் *வெய்த்; ஸ்லாவியத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுத்தாயான தொல் இந்தோ-ஐரோப்பியத்தைச் சேர்ந்தது அது. 'கண்டிருக்கிறேன்' என்ற நிலை 'அறிவேன்' என்று பொருள் நகர்ந்ததன் விளைவே சமஸ்கிருத 'வேத', கிரேக்க 'ஒய்தா', பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் 'வைட்' ஆகியவை. அதே வேர் உயிர் மாறி *வீதேதி, அதாவது 'காண்', எனவும் ஸ்லாவியத்தில் நின்றது; போலிஷில் 'வியெஜெச்' அறிதல், 'விஜெச்' காணுதல்.

கடன் இல்லை என்பதற்கு வினைத்திரிபே சான்று. ஸ்லாவிய மொழிகளில் முதலில் எழுத்தேறிய பழைய சர்ச் ஸ்லாவியத்தில் 'அறிவான்' என்பது 'வேஸ்து'. தகரத்தின் முன் வந்த தகரம் ஸகரமாவது ஸ்லாவிய ஒலிவிதி. சமஸ்கிருதத்திலோ அது 'வேத்தி'. இரு, உண், கொடு, உடைத்தாயிரு, அறி என ஐந்தே வினைகள் பழைய சர்ச் ஸ்லாவியத்தில், விகுதி நேரே ஒட்டும் இத்தகைய பழந்திரிபைக் காத்தன. கடனாக வந்த சொல்லொன்று அந்தச் சிறு குழுவுக்குள் நுழைந்திருக்கும் என்று கொள்வது கடினம்.

செக், போலிஷ், ஸ்லோவேனிய மொழிகளில் இவ்வினை இன்றும் அன்றாட வழக்கு. ரஷ்யத்தில் அவ்விடத்தை 'ஸ்னாத்' பிடித்துக்கொண்டாலும், செய்தியைக் குறிக்கும் 'வியேஸ்த்', சூனியக்காரியைக் குறிக்கும் 'வியேத்மா', மனச்சான்றைக் குறிக்கும் 'சோவெஸ்த்' ஆகியவற்றில் வேர் பிழைத்திருக்கிறது.

இதே பகிர்வுகளில் கரடியும் வரும். 'மெத்வியேத்' என்றால் 'தேனை அறிந்தது' என்பார்கள். உண்மையில் அது தேன் என்னும் 'மெது'வும் உண் என்னும் 'ஏத்'தும் சேர்ந்தது. மனு, அந்தரம் சேர்ந்து மன்வந்தரம் ஆவதுபோல இடையில் வகரம் பிறந்தது. அறிதலின் ஏகாரம் பழைய 'ஒய்'யிலிருந்தும், உண்ணுதலின் ஏகாரம் நெடில் ஏகாரத்திலிருந்தும் வந்தவை. இரண்டும் ஸ்லாவியத்தில் 'யாத்' என்னும் ஒரே எழுத்தில் கலந்தன. 1918 எழுத்துச் சீர்திருத்தம் ரஷ்யத்தில் அவ்வெழுத்தையும் நீக்கிவிட்டது. கரடியின் பெயருக்கு வேதத்தில் துணை தேடுவோருக்கு ரிக்வேதத்தின் முதல் மண்டலத்திலேயே 'மத்வத்' என்னும் சொல் உண்டு. அங்கே அது பறவைகளைக் குறிக்கிறது, பொருள், 'தேனுண்பவை'.