வீட்டுக்காரர் பழைய சட்டையும் ஏலத்தோட்டத்து மருந்தும்

கம்பத்துல தோல் டாக்டரா இருக்கேன், எங்கிட்ட வர்றவங்கள்ல நிறையப் பேரு விடியறதுக்கு முன்னாடியே ஜீப் ஏறி கம்பம்மெட்டு, குமுளி பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போறவங்கதான். போன மழைக்கு ஒரு அக்கா வந்தாங்க, மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் தோல் கருத்து வெடிச்சுப்போயி, ராத்திரி தூங்க முடியாத அரிப்பு. வேலைக்கு என்னம்மா போடுவீங்கன்னு கேட்டா, சேலைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டையாம், துவைக்கிறது வாரத்துக்கு ஒருக்கா. "மறுநாளும் அழுக்காகத்தான சார் போகுது."

கூட வந்த மாமியா சிரிச்சிட்டாங்க. அவங்க காலத்துல சட்டையெல்லாம் ஏது, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மழைக்குச் சாக்க மடிச்சுக் கொங்காணி போட்டுக்கிட்டு, அட்டை ஏறாம இருக்க கால்ல பொகையிலைத் தண்ணி தேச்சுக்கிட்டுப் போவாங்களாம். ஆம்பளைக்குக் கோவணமும் உருமாவும். எங்களுக்கு ஒண்ணும் வரலையேன்னாங்க.

வரலன்னும் சொல்ல முடியாது, வெறுங்கால்ல நடந்து சேத்துப்புண்ணும் கொக்கிப்புழுவும் வாங்குனவங்க எத்தனையோ பேரு. ஆனா அந்த உடுப்பு வெயிலுக்கும் மழைக்கும் அட்டைக்கும் ஆனது, இப்ப செடியில இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் அடிச்ச மருந்து ஈரமா நிக்கிது, நைஞ்ச பருத்திச் சட்டை அத உறிஞ்சி நாள் முழுக்க தோல்மேலயே ஒட்ட வச்சிருது. மூடியிருக்கோம்னு நெனப்பு, உண்மையில ஒத்தடம்.

மருந்தடிக்கிற அண்ணன்மாரு நெலம இன்னும் மோசம், கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஹோஸப் புடிக்கிறாங்க. 1971ல பாரத்தியான்ங்கிற பூச்சிமருந்த வச்சுச் செஞ்ச ஆய்வுல, முன்னங்கைத் தோலவிட விரைப்பைத் தோல் பத்து மடங்குக்கு மேல உறிஞ்சுனது தெரிஞ்சுச்சு. நனைஞ்ச கைலி எங்க ஒட்டுதுன்னு யோசிச்சுக்கோங்க. பேன்ட், இடுப்புக்கு பிளாஸ்டிக் படங்கு, ரப்பர் கையுறை, பூட்ஸ், இதெல்லாம் முதலாளிகிட்ட கேட்டு வாங்க வேண்டியது. படங்குக்குப் பதிலா இடுப்புல உர சாக்கு கட்டுறது சரி, மருந்து வந்த சாக்கு வேண்டாம். தலை சுத்தி, எச்சி ஊறி, வேர்த்துக் கொட்டி வாந்தி வந்தா வீட்டுக்குப் போய்ப் படுக்காதீங்க, நனைஞ்ச துணிய அங்கயே கழட்டி சோப்புப் போட்டுக் கழுவிட்டு மருந்து லேபிளோட ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கலக்காத மருந்து கொட்டுன துணியத் துவைக்கவே துவைக்காதீங்க, தூக்கிப் போட்டுருங்க.

அந்த அக்கா மூணு வாரம் கழிச்சு வந்தாங்க. சட்டை அதேதான், புதுசு வாங்க காசில்ல. ஆனா ரெண்டு சட்டைய மாத்தி மாத்திப் போட்டு, ஜீப் ஏறுறதுக்கு முன்னாடி கழட்டி கேரிபேக்ல சுத்தி, பிள்ளைங்க துணியோட சேக்காம தனியா தினமும் அலசுறாங்களாம். கை பாதி ஆறியிருந்துச்சு.