சிவப்புச் சன்னலில் ஒன்பது

அம்மா வீட்டுப் பரணில் இருந்து இறக்கிய தகரப் பெட்டிக்குள் ஒரு அக்ஃபா கிளிக் த்ரீ கிடந்தது. பரோடாவில் தயாராகி, ஒரு காலத்தில் நம் ஊர் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கிய கேமரா. பின்பக்கத்துச் சிவப்புச் சன்னலைத் துடைத்துப் பார்த்தால் உள்ளே 9 என்று தெரிந்தது. பன்னிரண்டு படம் பிடிக்கிற ரோல். ஒன்பதோடு யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். "உங்க தாத்தாவோடது. யாருக்கோ காதுகுத்து எடுத்திருப்பாரு" என்றார் அம்மா. யாருக்கு, எந்த வருஷம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இப்படி ஒன்று கையில் கிடைத்தால் உடனே மூடியைத் திறந்துவிடாதீர்கள். இந்தக் கேமராவில் போடும் 120 என்ற அளவு ரோலில் பிலிமின் முதுகோடு ஒரு காகிதமும் சேர்ந்து ஓடும். சாவியைத் திருகிக் கடைசிவரை சுற்றிவிட்டால் அந்தக் காகிதமே ரோலை மூடிக்கொள்ளும். அப்படிச் சுற்றி வெளியே எடுத்து, நுனியை ஒட்டும்போது பெயரைப் படித்தேன்: இந்து. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு.

ஆக, வயதுக்கு ஒரு எல்லை கிடைத்துவிட்டது. அந்த நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டாலும் உற்பத்தி ஆரம்பித்தது 1967இல்தான். அதற்கு முன்பு இந்த ரோல் இருந்திருக்க முடியாது. தாத்தா இறந்தது 1981இல். நடுவில் பதினாலு வருஷம்.

பழைய பிலிமின் காலத்தை எப்போதும் இப்படித்தான் நெருக்கிக்கொண்டு வர வேண்டும். அளவு மட்டும் போதாது. 120 அளவு 1901இல் இருந்து இன்றுவரை கிடைக்கிறது. 126 கார்ட்ரிட்ஜ் என்றால் 1963க்குப் பிறகு. 35 மி.மீ. டப்பாவின் மேல் சதுரங்கக் கட்டம் போல வெள்ளியும் கறுப்பும் இருந்தால் 1983க்குப் பிறகு. கோடக் வெரிக்ரோம் பான் என்றால் 1956க்கு முன்பு இல்லை. கோடக்கின் ட்ரை-எக்ஸ் பிலிம் பெட்டியில், ஒளியைப் பிடிக்கும் வேகத்தைக் குறிக்கும் ஏ.எஸ்.ஏ. 200 என்று போட்டிருந்தால் அநேகமாக 1960க்கு முந்தையது, 400 என்றால் பிந்தையது. பிலிம் மாறியதால் அல்ல. அந்த வருஷம் வேகத்தை அளக்கிற தரவிதியை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

சரி, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே படம் இருக்குமா?

பிலிமின் மேலே பூசியிருக்கும் ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடுப் படிகங்கள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கின்றன. ஒளித்துகள் ஒன்று படிகத்தில் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். படிகத்தில் குறைபாடுள்ள ஓர் இடத்தில் அது சிக்கிக்கொள்ளும். அங்கே ஒரு வெள்ளி அயனி வந்து அதை வாங்கிக்கொண்டு வெள்ளி அணுவாகும். ஒற்றை அணு நிலைக்காது, சில நொடிகளில் கரைந்துவிடும். அடுத்தடுத்து ஒளி விழுந்து ஒரே இடத்தில் ஏறக்குறைய நாலு அணுக்கள் சேர்ந்துவிட்டால் அந்தப் படிகம் தயார். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதைத்தான் மறைபிம்பம் என்கிறோம்.

டெவலப்பர் என்ற கரைசலில் போட்டதும் அந்த நாலு அணுப் புள்ளியில் தொடங்கி முழுப் படிகமும் கறுப்பு நிற வெள்ளி உலோகமாக மாறுகிறது. நாலில் ஆரம்பித்தது பல நூறு கோடி அணுக்களில் போய் முடியும். புள்ளி இல்லாத படிகங்களை ஹைப்போ என்ற அடுத்த கரைசல் கரைத்துக்கொண்டு போய்விடும். பிலிம் கழுவுவது என்றால் இவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், எலக்ட்ரானைத் தட்டி எழுப்ப வெளிச்சம்தான் வேண்டும் என்றில்லை. பரணில் ஒரு சித்திரை மாத வெயில் போதும். மண்ணிலும் சுவரிலும் வானத்திலும் இருந்து ஓயாமல் வரும் இயற்கைக் கதிர்வீச்சும் அதையேதான் செய்கிறது. வருஷக்கணக்கில் இப்படித் தானாகத் தயாராகிவிட்ட படிகங்களும் டெவலப்பரில் கறுக்கும். ஸ்டூடியோக்காரர்கள் இதை ஃபாக் என்பார்கள். மூட்டம். அதே சமயம் காற்றும் ஈரமும் உண்மையான புள்ளிகளில் இருந்து அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கின்றன. படம் ஒரு பக்கம் தேய, மூட்டம் மறுபக்கம் வளர்கிறது. வெளிச்சம் செய்த புள்ளி எது, வெயில் செய்த புள்ளி எது என்று டெவலப்பருக்குத் தெரியாது.

குளிர் இருந்தால் கதை வேறு. 1897இல் சுவீடனின் ஆண்ட்ரே இரண்டு தோழர்களோடு பலூனில் வடதுருவத்தைக் கடக்கக் கிளம்பினார். பலூன் பனியில் இறங்கிவிட்டது. மூவரும் நடந்து நடந்து க்விட்டோயா என்ற தீவில் மாண்டார்கள். 1930இல் அந்த முகாம் கிடைத்தபோது, நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெரி எடுத்த பிலிம்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அவற்றைக் கழுவினார். 240 படங்களில் 93 தேறின. பனியில் சாய்ந்து கிடக்கும் பலூனும் பக்கத்தில் நிற்கும் ஆட்களும் அவற்றில் இருக்கிறார்கள். முப்பத்துமூன்று வருஷம் பனியில் கிடந்த பிலிம்!

எவரெஸ்டில் இன்னும் ஒன்று காத்திருக்கிறது. 1924இல் பிரிட்டிஷ் மலையேறி மல்லோரி உச்சிக்குக் கிளம்பியபோது கொண்டுபோன கோடக் கேமரா, அவருடைய தோழர் ஹோவர்ட் சோமர்வெல் இரவல் கொடுத்தது. ஆம், நெய்யூர் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்த அதே சோமர்வெல். மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. கிடைத்தால் படம் வர வாய்ப்புண்டு என்பதற்கு ஆண்ட்ரேயின் பிலிமே சாட்சி.

என் ரோல் கிடந்ததோ மதுரைப் பரணில்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. வெளிச்சம் நன்றாகப் பட்ட படிகத்தில் புள்ளி பெரிதாக இருக்கும், டெவலப்பரில் முதலில் கிளம்பும். மூட்டப் படிகங்களில் பெரும்பாலானவை கொஞ்சம் தயங்கித்தான் கிளம்பும். முந்தியது வந்ததும் பிந்தியது வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும். பழைய பிலிம் கழுவுகிறவர்கள் ஹெச்.சி.-110 போன்ற, மூட்டம் குறைவாகத் தரும் டெவலப்பரை அடர்த்தியாகக் கலந்து, குளிர்ச்சியாக, குறைந்த நேரம் போடுவது இதனால்தான். கொஞ்சம் பென்சோட்ரையசோல் என்ற ரசாயனம் சேர்த்தால் அது படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பலவீனமான புள்ளிகளை அடக்கி வைக்கும். இதற்கு நேர் எதிராக, பழசாயிற்றே என்று நேரத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கறுப்புப் பட்டைதான்.

கலர் பிலிம் என்றால் கலரை மறந்துவிடுவது நல்லது. 1970களின் தொடக்கம்வரை இருந்த சி-22 முறைக்கான பிலிமை இன்றைய சி-41 கரைசலின் 38 டிகிரியில் போட்டால் பூச்சே கழன்று வந்துவிடும். கோடக்ரோமைக் கலரில் கழுவிய கடைசிக் கூடம், அமெரிக்காவின் கான்சஸில் இருந்தது, 2010 முடிவோடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. இரண்டையும் கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம்.

கழுவும் முன் ஒரு சோதனை. ஒன்பதோடு நின்றதில் ஒரு லாபம்: 10, 11, 12 வெறும் பிலிம். கடைசிவரை சுற்றியதால் அவைதான் ரோலின் மேல் சுற்றில் இருக்கும். இருட்டில் நுனியில் இருந்து இரண்டு விரல் அகலம் வெட்டி, மூன்று துண்டாக்கி, இரண்டு, நாலு, ஆறு நிமிஷம் என்று போட்டுப் பார்த்தேன். இவற்றில் படமே இல்லை, எனவே கறுத்ததெல்லாம் மூட்டம்தான். இரண்டு நிமிஷத் துண்டு லேசான சாம்பல். நாலு, மழை மேகம். ஆறு, அடுப்புக் கரி. மூன்று நிமிஷம் என்று முடிவு செய்தேன். எங்கள் குழாய்த் தண்ணீர் 31 டிகிரி. பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியைக் கட்டி உள்ளே விட்டு 18க்குக் கொண்டுவந்தேன். பழைய ஜெலட்டின் சூடு தாங்காது.

ஹைப்போவில் இருந்து எடுத்தபோது முழு ரோலும் பழுப்புக் கண்ணாடி போல இருந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நாலு கட்டத்தில் ஏதோ அசைகிற மாதிரி. ஸ்கேன் செய்து, சாம்பலுக்கும் சாம்பலுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைக் கணினியில் இழுத்து விரித்ததும் இரண்டில் ஆட்கள் தெரிந்தார்கள். ஒன்றில் வரிசையாக நிற்கும் வேட்டிகள் மேல் 6 என்ற எண் பெரிதாக விழுந்திருந்தது. முதுகுக் காகிதத்தின் அச்சு மை இத்தனை வருஷமாகப் பிலிமில் ஊறி ஏறியிருக்கிறது.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "காதுகுத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. இது நம்ம கெணத்து மோட்டார். பொட்டு வச்சு மாலை போட்டிருக்கு பாரு." அப்புறம் விரல் விட்டு எண்ணினார். "உங்க மாமா எட்டாவது படிக்கிறப்ப மாட்டினது. எழுபத்திநாலு."