178.96 டாலர் ஃபோன் யாருடையது?

ஒரு நாட்டுக்கு எந்தத் தொழிலில் பலம் என்று கண்டுபிடிக்க, ஹங்கேரியில் பிறந்த பொருளியலாளர் பேலா பலாசா 1965-ல் ஒரு எளிய வகுத்தல் கணக்கு சொன்னார். அந்த நாட்டு ஏற்றுமதியில் ஒரு பொருளின் பங்கை, உலக ஏற்றுமதியில் அதே பொருளின் பங்கால் வகுக்க வேண்டும். விடை 1-க்கு மேல் என்றால் அந்தப் பொருளில் நாடு பலசாலி. வங்கதேச ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடைதான். உலக ஏற்றுமதியில் ஆடையின் பங்கு 3 சதவீதம்கூட இல்லை. வகுத்தால் 25-ஐத் தாண்டிவிடும்.

சட்டைக்குச் சரி, ஃபோனுக்கு?

2009-ல் ஐபோன் 3ஜி ஒன்றின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். சீனாவிலிருந்து கப்பலேறியதால் மொத்தமும் சீன ஏற்றுமதியாகப் பதிவானது. ஆய்வாளர்கள் இருவர் செலவைப் பாகம் பாகமாகப் பிரித்தார்கள். மெமரியும் திரையும் ஜப்பானின் தோஷிபாவுடையவை. பிராசசர் கொரியாவின் சாம்சங், சிக்னலைக் கவனிக்கும் சிப் ஜெர்மனியின் இன்ஃபினியன். இவற்றையெல்லாம் சீனாவில் பூட்டிக் கொடுத்ததற்குக் கூலி 6.50 டாலர், அதாவது நூற்றுக்கு நாலுகூட இல்லை! பலாசாவின் கணக்குக்கு இது தெரியாது. அது பார்ப்பது சுங்கப் பதிவை மட்டும்தான். ஸ்ரீபெரும்புதூரில் இப்போது தயாராகும் ஐபோன்களின் ஏற்றுமதித் தொகையைப் படிக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கோளாறைச் சரிசெய்ய, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடியும் உலக வர்த்தக அமைப்பும் 2013-ல் மதிப்புக்கூட்டல் கணக்கை வெளியிட்டன. எந்தத் தொழில் யாரிடம் எவ்வளவு வாங்குகிறது என்ற அட்டவணை நாட்டுக்கு நாடு உண்டு. அவற்றைக் கோத்து, ஏற்றுமதித் தொகையிலிருந்து வெளிநாட்டுச் சரக்கின் மதிப்பைக் கழித்துவிடுகிறார்கள். உள்ளூரில் சேர்ந்த மதிப்பு மட்டும் மிஞ்சும்.

ஒரு நாட்டின் பலத்தை அளக்க, காப்புரிமைகளை எண்ணுவது இன்னொரு வழி. ஆனால் வெறும் எண்ணிக்கையை நம்ப முடியாது. மானியம் கிடைத்தால் குப்பைக்கும் விண்ணப்பம் போடுவார்கள். அதனால் ஒரே கண்டுபிடிப்புக்கு ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா மூன்றிலும் உரிமை கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். மூன்று இடத்திலும் வக்கீலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் காசு கொட்டி அழ வேண்டும் என்பதால், தேறாத சரக்கு தானாகவே கழன்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில தொழில்கள் பிடிகொடுப்பதில்லை. அதிநவீன சிப்களை அதீத புறஊதா ஒளியால் பொறிக்கும் ஈயுவி இயந்திரத்தை விற்பது உலகிலேயே ஒரே நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அதன் கண்ணாடிகள் ஜெர்மனியின் ஸைஸிலிருந்து வருகின்றன. ஒளியை உண்டாக்கும் பகுதியை உருவாக்கிய சைமர், அமெரிக்காவின் சான் டியேகோவில் இருக்கிறது. அதன் முதலாளி இப்போது ஏஎஸ்எம்எல். சைமரின் பலத்தை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்பதற்கு எந்த அட்டவணையிலும் தனிக் கட்டம் கிடையாது.