படுக்கை வரியில் வாங்கிய மணல்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், லீ கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) கடற்கரை விடுதி ஒன்றில் ஒரு இரவு தங்குகிறீர்கள். வாடகை 200 டாலர். பில்லில் விற்பனை வரி போக, தனியாக 5 சதவீதம், அதாவது 10 டாலர், பிடித்திருப்பார்கள். சட்டத்தில் அதன் பெயர் சுற்றுலா மேம்பாட்டு வரி. பேச்சுவழக்கில் படுக்கை வரி. அந்தப் பத்தில் 2 டாலர் 64 சென்ட் கடற்கரைக்குப் போகிறது.

இந்தக் கவுண்டியில் நெடுங்காலமாக இருந்துவரும் பங்கீடு இது: 53.6 சதவீதம் விளம்பரத்துக்கு, 26.4 சதவீதம் கடற்கரைக்கு, 20 சதவீதம் பேஸ்பால் அரங்கங்களின் கடனுக்கு. பேஸ்பால் எங்கே வந்தது என்கிறீர்களா? பாஸ்டன் ரெட் சாக்ஸ், மினசோட்டா ட்வின்ஸ் அணிகள் வசந்தகாலப் பயிற்சிக்கு இங்கேதான் வருகின்றன. பின்னாலேயே ரசிகர்கள் வந்து அறைகளை நிரப்புவார்கள் என்பது கணக்கு.

ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ தங்குபவர்களிடம்தான் இந்த வரியை வாங்கலாம். வரியைக் கொண்டுவர உள்ளூர் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தரவேண்டும். வாக்களிப்பது ஒருவர், பணம் கட்டுவது இன்னொருவர்! 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று ஆகிவிடாதா? அதற்குத்தான் மாநிலச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது: எதெதற்குச் செலவு செய்யலாம் என்று பட்டியலே உண்டு. கடல் அரிப்பைத் தடுப்பதும் மணல் நிரப்புவதும் அதில் இருக்கின்றன. ஒன்பது பேர் கொண்ட சுற்றுலாக் குழு ஆலோசனை சொல்லும். அதில் ஆறு பேர் விடுதி உரிமையாளர்கள் போன்ற தொழில்காரர்கள். முடிவெடுப்பது, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி ஆணையர்கள்.

சரி, மணல் எங்கே போகிறது? இதே கவுண்டியில் இருக்கும் கேப்டிவா தீவைப் பாருங்கள். அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுவதால், மணல் இங்கே வடக்கிலிருந்து தெற்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1921இல் வீசிய சூறாவளி தீவை இரண்டாக வெட்டி, ரெட்ஃபிஷ் பாஸ் என்ற புது முகத்துவாரத்தைத் திறந்தது. வடக்கிலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அதன் வாயிலேயே திட்டாகப் படிந்துவிடுகிறது. தெற்கே இருக்கும் கேப்டிவாவுக்கு வரவு குறைவு, செலவு மட்டும் பழையபடி. கரை தேயாமல் என்ன செய்யும்?

போன மணலுக்கு ஈடு கடலுக்குள்ளிருந்துதான் வரவேண்டும். கரைக்கு அப்பால், கடலடியில் மணல் படிந்த இடத்தைத் தேடி, தூர்வாரும் கப்பலை நிறுத்துவார்கள். மணலும் கடல்நீருமாகக் கலந்த குழம்பு இரும்புக் குழாய் வழியாகக் கரைக்கு வந்து, சாம்பல் நிறத்தில் பீறிட்டுக் கொட்டும். தண்ணீர் வடிந்து கடலுக்கே திரும்ப, மணல் தங்கும். புல்டோசர்கள் அதைப் பரப்பும். மணல் துகளின் பருமன் முக்கியம். பழைய மணலைவிட நைசாக இருந்தால் அலை சுலபமாக அள்ளிக்கொண்டு போய்விடும்.

வேலை முடிந்த சில மாதங்களில் கரை சுருங்கும். 'வரிப்பணத்தைக் கடலில் கொட்டிவிட்டார்கள்' என்று புலம்பல் எழுவது அப்போதுதான். உண்மையில் அந்த மணலில் ஒரு பகுதி தண்ணீருக்கடியில் சரிந்து, இயல்பான சரிவை உண்டாக்குகிறது. ஆழம் குறைவதால் பெரிய அலைகள் தள்ளியே உடைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த மணலுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம் என்று எத்தனை முறை சொன்னாலும், அகலமான மணற்பரப்பைப் பார்த்துப் பழகிய கண் நம்ப மறுக்கிறது.

மணல் நிரப்பிய கரை நிரந்தரமல்ல; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப நிரப்பவேண்டும். படுக்கை வரி மட்டும் இதற்குப் போதாது. மாநில, மத்திய அரசுகளின் நிதி சேரும்; கேப்டிவாவில் சொத்து உரிமையாளர்களும் பங்கு தருவார்கள். தீவின் அரிப்பைக் கவனிக்க 1959 முதல் தனி அமைப்பே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம் 2022 செப்டம்பர் 28 அன்று அம்பலமானது. இயான் சூறாவளி இந்தக் கவுண்டிக்குள் இருக்கும் காயோ கோஸ்டா தீவில்தான் கரையேறியது. சானிபெல் தீவுக்குப் போகும் பாலச்சாலை அறுந்தது, ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் விடுதிகள் சிதைந்தன. கரை போனது; கூடவே கட்டில்களும் போயின. மணலுக்கு மிக அதிகமாகப் பணம் தேவைப்படும் நேரத்தில், படுக்கையே இல்லாமல் படுக்கை வரி எங்கிருந்து வரும்? நல்ல வருடங்களில் வந்ததை ஒதுக்கி வைக்காத ஊர் இதில் நன்றாக மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஆமைகள். மே முதல் அக்டோபர் வரை அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால், கூடுமானவரை குளிர்காலத்தில் வேலையை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். சுற்றுலாக் கூட்டமும் அப்போதுதான். அதனால், 2 டாலர் 64 சென்ட் கொடுத்த விருந்தாளி காலையில் காபியோடு பால்கனிக்கு வந்தால், கடலை மறைத்துக்கொண்டு ஒரு துருப்பிடித்த குழாய் கிடக்கலாம்.