பச்சிளங்குழந்தையின் குடலில் ஓட்டை விழுந்தால்

குறைமாதத்தில் பிறந்து ஐந்தாறு நாள் ஆன குழந்தை. எடை 800 கிராம். நேற்றுவரை குழாய் வழியாக ஊட்டிய பால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்று வயிறு உப்புகிறது, தோலில் நீலம் பாய்ந்திருக்கிறது. வீறிட்டு அழக்கூடத் தெம்பில்லை. டாக்டர் முதலில் கேட்பது எக்ஸ்ரே.

அந்தப் படத்தில் ஓட்டையைத் தேடிப் பயனில்லை, அது தெரியாது. தேடுவது காற்றை. குழந்தை விழுங்கிய காற்று குடலுக்குள் இருப்பது சகஜம். அதே காற்று குடலுக்கு வெளியே, வயிற்றறைக்குள் நின்றால், எங்கேயோ சுவர் கிழிந்திருக்கிறது என்று பொருள். மல்லாந்து கிடக்கும் குழந்தையிடம் அது முன்பக்கமாகப் பரவி மங்கலாகத்தான் விழும். பழகிய கண்ணும் ஏமாறும். அதனால் இடப்பக்கமாக ஒருக்களித்து இன்னொரு படம் எடுப்பார்கள். ஏன் இடப்பக்கம்? அப்போது வலப்பக்கத்துக் கல்லீரல் மேலே வரும், காற்றும் மேலே ஏறும். கல்லீரல் படத்தில் வெள்ளையாக விழுவதால், அதற்கும் விலாவுக்கும் இடையே சிக்கிய காற்று கறுப்புக் கீற்றாகப் பளிச்சென்று தெரியும். மறுபக்கம் படுக்கவைத்தால் இரைப்பைக் காற்று மேலே வந்து குழப்பிவிடும்.

கீற்று தெரியவில்லை என்றால் ஓட்டையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்கேனில் கலங்கலான நீர் தெரியலாம். ஆண் குழந்தைக்கு விதைப்பை கறுத்தோ பச்சையாகவோ வீங்கலாம்; வயிற்றிலிருந்து அங்கே இறங்கும் பாதை இந்த வயதில் பெரும்பாலும் மூடியிருக்காது, கசிந்த மலம் அதன் வழியே இறங்கிவிடும்.

பிறவியிலேயே குடல் அடைபட்டிருப்பது, இரைப்பை கிழிவது என்று காரணங்கள் பல. ஆனால் குறைமாதக் குழந்தைகளிடம் முக்கியமானவை இரண்டு. ஒன்று, குடல் திசு அழுகும் அழற்சி. வார்டில் ‘நெக்’ என்பார்கள். இதில் குடல் நீளத்துக்கு நீளம் கெட்டுப்போகலாம். தாய்ப்பால் இதன் ஆபத்தைக் குறைக்கிறது. மற்றொன்றில், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் ஒரே ஒரு ஓட்டை, சுற்றிலும் நல்ல குடல். இண்டோமெத்தசின் மருந்தையும் ஸ்டீராய்டையும் முதல் நாட்களில் சேர்த்துக் கொடுத்தால் இது வரும் வாய்ப்பு கூடுகிறது.

பாலை நிறுத்தி, ஆன்டிபயாடிக், ரத்தம், வென்டிலேட்டர் எல்லாம் தொடங்கியாயிற்று. அப்புறம்? இந்தக் குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 70 மில்லி சொச்சம். கல்லீரல் எவ்வளவு மென்மையென்றால், தொட்டாலே ரத்தம் கசியலாம். 1977-இல் டொரண்டோ மருத்துவர்கள், ஆபரேஷன் தாங்காத குழந்தைகளுக்கு வயிற்றில் சிறு கீறல் போட்டு மெல்லிய ரப்பர் வடிகுழாய் மட்டும் வைத்ததை வெளியிட்டார்கள். உடல் தேறும்வரை தாக்குப்பிடிக்க என்று வைத்தது. சிலருக்கு அதற்குமேல் எதுவுமே தேவைப்படவில்லை.

அப்படியானால் குழாய் போதுமா, வயிற்றைத் திறக்கத்தான் வேண்டுமா? ஒரு கிலோவும் அதற்குக் கீழும் எடையுள்ள 310 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. இறப்பு அல்லது மூளை, நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இரு பக்கமும் ஏறக்குறைய 70 சதவீதம். வேதனையான எண்தான். ஆனால் ‘நெக்’ என்று கருதப்பட்டவர்களைத் தனியே பிரித்தால், வயிற்றைத் திறந்தவர்களிடம் 69, குழாய் மட்டும் வைத்தவர்களிடம் 85. ஒற்றை ஓட்டைக்காரர்களிடம் அப்படி ஒரு இடைவெளி இல்லை. ஆக, கத்தி எடுப்பதற்கு முன் எந்த நோய் என்று ஊகிப்பதே பாதி சிகிச்சை.

திறந்தால் கறுத்துச் செத்த பகுதியை மட்டும் வெட்டுவார்கள். சந்தேகமான துண்டை விட்டுவைத்து, ஓரிரு நாளில் மறுபடி திறந்து பார்ப்பதும் உண்டு. ஒவ்வொரு சென்டிமீட்டரும் பின்னால் உணவை உறிஞ்சத் தேவை. வீங்கிய முனைகளைத் தைத்தால் பிரிந்துவிடும் என்ற பயம் இருந்தால், இரண்டையும் வயிற்றுத் தோலில் வாய்களாகத் திறந்து வைப்பார்கள். மேல் வாயில் வழியும் பாதி செரித்த பாலைச் சில இடங்களில் நர்ஸ் சிரிஞ்சில் சேகரித்து, கீழ் வாய்க்குள் மெல்லச் செலுத்துவார். சும்மா கிடந்து சுருங்கும் கீழ்க்குடலுக்கு அதில்தான் பயிற்சி. சில வாரங்களில், குழந்தை எடை கூடியதும், இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள்.